மணமில்லாத மலர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பனைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் அறிஞர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இம்முறை செயலாளர் அவர்கள் எங்கள் இல்லத்துக்கே வந்து, "உங்கள் வீட்டு மூலையில் மாசி மாதம் பூத்து நின்றதே, அதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் சம்பளப் பட்டியல் எழுதிப் பிழைப்பவருக்கு மேடை எதற்கு என்று தயங்கினோம். அவர் விடவில்லை. கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துரைக்க மாட்டாதவரை, கொத்தாக மலர்ந்தும் மணம் வீசாத மலருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். பேசுவோரும் அப்படி, பேசப்படும் மலரும் அப்படி. ஆகவே பொருத்தம் பழுதில்லை என்று துணிந்து வந்துவிட்டோம்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். நாங்கள் என்று இங்கே சொல்வது இல்லத்தரசியாரையும் சேர்த்துத்தான். செடியை வளர்த்ததிலும் சரி, பின்னால் சொல்லப்போகும் பிழையிலும் சரி, இருவருக்கும் சமபங்கு உண்டு.

அம்மலரின் பெயர் ரோஹிடா. தாவர நூலார் டெகொமெல்லா அண்டுலேட்டா என்பர். இலையின் விளிம்பு அலை அலையாக நெளிந்திருப்பதால் அப்பெயர். இதைப் புதர் என்பதா, சிறு மரம் என்பதா என்று கேட்டால், இரண்டும் சரியே. மணற்காட்டில் ஆடும் ஒட்டகமும் மேய்ந்த பின் எஞ்சியது புதராகக் குறுகி நிற்கும். காவல் பெற்றது மரமாக நிமிரும். சாம்பல் பூத்த பச்சை இலை, தாழ்ந்து தொங்கும் கிளை. ஆண்டின் பெரும்பகுதி அதைத் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாது. தை பிறந்த பின் பங்குனி வரை அதைப் பார்க்காமல் கடந்து போவது இயலாது. குழல் போன்ற பெரிய பூக்கள் கொத்துக் கொத்தாக மலரும். ஒரு மரத்தில் மஞ்சள், மற்றொன்றில் கிச்சிலி, வேறொன்றில் குருதிச் சிவப்பு. இராஜஸ்தான் அரசு 1983-இல் இதனை மாநில மலராக அறிவித்தது. இதன் மரம் மாற்றுக் குறையாத தேக்குப் போன்றது; மார்வார்த் தேக்கு என்றே வணிகர் அழைப்பர். கட்டிலும் கதவும் செய்ய வெட்டி வெட்டியே இவ்வினம் அருகிப்போயிற்று.

நாங்கள் ஜோத்பூருக்கு மாற்றலாகி வந்தது 2014-இல். வந்த புதிதில் நம் காலனி வீடுகளின் தோட்டங்களைக் கண்டு வியந்தோம். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் ஒரு குட்டித் தமிழ்நாடு. கறிவேப்பிலை இங்கே, முருங்கை அங்கே, செம்பருத்தி வாயிலில். ஊரைப் பிரிந்து வந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? நாங்களும் மதுரையிலிருந்து மல்லிகைப் பதியனை ஈரச் சாக்கில் சுற்றி, இரண்டு இரவும் ஒரு பகலும் மடியில் வைத்துக் காத்துக் கொண்டுவந்தோம். வண்டி நின்ற நிலையங்களில் எல்லாம் எங்களுக்குத் தேநீர் வாங்கினோமோ இல்லையோ, சாக்குக்குத் தண்ணீர் தெளித்தோம். அது பிழைத்தது. பூக்கவும் செய்தது. அதற்கு நாள்தோறும் எத்தனை வாளி ஊற்றினோம் என்பதை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை.

ரோஹிடா எங்களிடம் வந்த கதை வேறு. எங்கள் பகுதிக்கு, இரவுப்பணிப் படி விடுபட்டுப் போனதைத் திருத்தச் சொல்லி ஒரு டிராக்மேன் வந்தார். ஜெய்சல்மர் செல்லும் பாதையில், ஓசியானுக்கு அப்பால், தண்டவாளத்தோடு நடந்தே தலை நரைத்தவர். கணக்கைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தோம். மறுமுறை வந்தபோது, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். கையூட்டு என்று எவரும் எண்ண வேண்டா. உள்ளே இருந்தவை ஒல்லியாக, அரிவாள்போல் வளைந்த சில காய்ந்த காய்கள். பிளந்தால் உள்ளே இறகு முளைத்த விதைகள். காகிதத் துணுக்குப்போல் ஊதினால் பறக்கும். "பாபுஜி, உங்கள் காலனியில் எல்லாம் இருக்கிறது. இந்த மண்ணின் செடி ஒன்றுகூட இல்லை. இதை வையுங்கள்" என்றார்.

மணமுண்டா என்று கேட்டோம். இல்லை என்றார். வீட்டில் கேட்டதும் அதே கேள்வி, அதே விடை. தலையில் சூட உதவாத பூவுக்கு இடம் எதற்கு என்பது இல்லத்தரசியாரின் வாதம். நியாயமான வாதந்தான். ஆயினும், கொடுத்தவர் மனம் நோகக் கூடாதென்று 2017-இல் மல்லிகைக்குப் பக்கத்திலேயே ஐந்தாறு தொட்டிகளில் விதைத்தோம். பத்து நாட்களில் முளை தள்ளியது. மல்லிகைக்குப் பாய்ச்சும் அதே குழாயால் காலையும் மாலையும் நீர் வார்த்தோம். ஒரு மாதத்துக்குள் தண்டின் அடி கறுத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தலை சாய்ந்தன. எஞ்சியது ஒன்றுமில்லை.

டிராக்மேனிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், பாபுஜி. விழித்திருக்கும் நேரமெல்லாம் வாயில் ஊற்றினால் பிழைக்குமா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கோடையில் மறுபடியும் காய்களைக் கொண்டுவந்து தந்தார்.

இரண்டாம் முறை செய்ததைத் தாய்மார்கள் சற்றுக் கவனித்துக் கேட்க வேண்டுகிறோம். காய் சித்திரை, வைகாசியில் முற்றும். வெடிக்கும் முன் பறித்து நிழலில் உலர்த்த வேண்டும். விதையை ஊறவைப்பது, வெந்நீர் ஊற்றுவது ஒன்றும் தேவையில்லை. ஆனால் புதியதாக இருக்க வேண்டும்; ஆண்டுக் கணக்கில் டப்பாவில் அடைத்து வைத்தால் முளைப்புத் திறன் போய்விடும். தொட்டியைவிட உயரமான பாலிதீன் பை நல்லது. ஏனெனில் இச்செடி மேலே நான்கு இலை விடும் முன்னரே கீழே ஆணிவேரை ஆழமாக ஓட்டிவிடும்; அடி தட்டினால் வேர் சுருண்டு, பிறகு எத்தனை நல்ல மண்ணில் வைத்தாலும் தேறாது. மணல் பாதி, தோட்டத்து மண்ணும் மக்கிய தொழுவுரமும் பாதி. மேல்மண் காய்ந்து வெளிறிய பிறகே நீர். பையின் அடியில் துளை இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். நாங்கள் பார்க்காமல் இரண்டை இழந்தோம்.

ஓராண்டு பையில் வளர்த்து, 2019 ஆடியில் முதல் மழை விழுந்த மறுநாள் மூன்று கன்றுகளை நட்டோம். நம் காலனியில் இரண்டடி தோண்டினால் சுக்கான் பாறை தட்டும் என்பதை இங்குள்ளவர்கள் அறிவீர்கள். கடப்பாரையால் அதை உடைத்தாலன்றி வேர் இறங்காது. அந்த ஒருநாள் வேலைதான் இச்செடிக்குச் செய்யும் பெரிய தொண்டு, மற்றவை சில்லறை. மூன்றில் ஒன்றை அன்று மாலையே ஓர் ஆடு தின்றது. யாருடைய ஆடு என்பது எங்களுக்குத் தெரியும், இங்கே சொல்வதற்கில்லை. மற்றொன்று முதல் கோடையில் கருகியது. மூன்றாவதற்கு டிராக்மேன் சொன்னபடி இலந்தை முள்ளை வட்டமாக அடுக்கினோம். குளிர்காலத்தில் இரவில் மூடவில்லை, கோடையில் நிழற்பந்தல் இடவில்லை. முதலாண்டு பத்து நாளுக்கு ஒரு வாளி. இரண்டாம் ஆண்டு கோடையில் மாதம் இரு வாளி. அதன் பிறகு ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் இலையைச் சல்லடையாக்கும் ஒரு சிறு கூன்வண்டு வரும். கிளையை உலுக்கி, விழுவதைப் பொறுக்கி அழித்தால் போதும். மருந்து அடித்தால் பின்னால் பூவைத் தேடி வரும் தேன்சிட்டுக்கு ஆகாது.

ஒன்றுமில்லை என்றால் எப்படி வாழ்கிறது என்று கேட்பீர்கள். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை. ஜோத்பூரில் 36 சென்டிமீட்டரை ஒட்டி, அதுவும் பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள். வெயிலோ 45 பாகையைத் தாண்டும். ரோஹிடா இதற்கென்றே பிறந்தது. வேர் கீழேயும் பக்கவாட்டிலும் பரவி மணலைப் பின்னிப் பிடிக்கும். அதனால்தான் மணற்குன்றுகள் நகராமல் நிற்க இதை நடுகிறார்கள்.

நம் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இந்த ஊருக்கு வந்து சில ஆண்டுகள் வரை நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை. சட்லெஜும் பியாஸும் கூடும் இடத்தில், பஞ்சாபின் ஹரிகேயில் தொடங்கும் இந்திரா காந்தி கால்வாயில் பாலைவனத்தைத் தாண்டி வந்து, அங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஏற்றுக்கால்வாயில் இறைத்து இறைத்து மேலேற்றப்பட்டு, கைலானா ஏரியில் வந்து சேர்கிறது. இமயத்தின் பனிநீரை இறைத்துக் கொண்டுவந்து மல்லிகைக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம்.

இனிச் சொல்லப்போவதை இதுவரை எந்தச் சபையிலும் சொன்னதில்லை. சம்பந்தப்பட்ட அம்மையார் இந்த அரங்கில்தான் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் இசைவு பெற்றே சொல்கிறோம்.

2022 கோடை. கால்வாய் பழுதுபார்ப்புக்காக அடைக்கப்பட்டிருந்தது. நம் காலனியில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர், அதுவும் அரைமணி. பாலி நகரில் நிலைமை அதைவிட மோசம். ஜவாய் அணை வறண்டுபோய், அந்த ஏப்ரலில் ஜோத்பூரிலிருந்து பாலிக்கு இரயிலில் தண்ணீர் அனுப்பினார்கள். 40 தொட்டி வண்டிகள் கோத்த தண்ணீர் இரயில். அதற்கு மூன்றாண்டுக்கு முன், 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு 50 வண்டிகளில் தண்ணீர் போனதைத் தொலைக்காட்சியில் கண்டு, நம் ஊருக்கா இந்தக் கதி என்று கலங்கியவர்கள் நாங்கள். பாலி வண்டியில் பணியாற்றியோரின் மிகைநேரப் பட்டியலை எங்கள் மேசையில்தான் எழுதினோம். பகலில் அதை எழுதினோம். இரவில் என்ன செய்தோம் தெரியுமா? குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டினோம். விதிக்குப் புறம்பு என்று தெரியும். ஓசை கேட்காதிருக்க மோட்டார்மேல் பழைய மெத்தையைப் போட்டு மூடினோம். உறிஞ்சிய நீரில் குடிக்கவும் குளிக்கவும் போக மீதியைப் பாத்தி நிறைய மல்லிகைக்கு விட்டோம். எட்டாண்டு வளர்த்த கொடி கண்ணெதிரே வாடுவதைப் பொறுக்க முடியவில்லை. அவ்வளவே எங்கள் சமாதானம்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக்கு அந்த வாரம் முழுவதும் ஒரு சொட்டும் போகவில்லை. அவ்வீட்டில் படுத்த படுக்கையாய் மாமியார். ஒருநாள் விடியற்காலையில் அந்த அம்மையார் ஒரு குடத்தோடு எங்கள் வாயிலில் வந்து நின்றார்கள். "அக்கா, ஒரு குடம் கிடைக்குமா? அத்தைக்கு உடம்பு துடைக்க வேண்டும்" என்றார்கள். இல்லத்தரசியார் பதில் சொல்லும் முன்னரே அவர்கள் பார்வை மல்லிகைப் பாத்தியின் மேல் விழுந்தது. தண்ணீர் இன்னும் வடியாமல் பளபளவென்று தேங்கி நின்றது. அவர்கள் எதுவும் சொல்லவில்லை. ஏசியிருந்தால்கூட ஆறுதலாயிருக்கும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு நடந்துவிட்டார்கள். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

மூலையில் ரோஹிடா அப்போது மார்பளவு நின்றது. அந்தக் கோடை முழுவதும் அதற்கு ஒரு குவளை நீரும் வார்க்கவில்லை. ஓர் இலை வாடவில்லை.

மோட்டாரை அன்றே கழற்றி விற்றோம். இரண்டு குடம் நீரைத் தூக்கிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனோம், வாங்கிக்கொண்டார்கள். ஆனால் இரு வீட்டுக்கும் இடையே பேச்சு நின்றது. தீபாவளிக்குப் பலகாரத் தட்டு போயிற்று. தட்டு கழுவித் திரும்பி வந்தது, வெறுந்தட்டாக. மல்லிகையைப் பற்றிக் கேட்பீர்கள். அதை வெட்டி எறிய மனம் வரவில்லை. பாத்தியைத் தூர்த்து, ஒரே ஒரு தொட்டிக்கு மாற்றி, அரிசி களைந்த நீரை மட்டும் கொடுக்கிறோம். அது தருவது நாளுக்கு ஒரு கைப்பிடி பூ. இல்லத்தரசியார் அது போதும் என்கிறார்.

அந்தக் குளிர்காலத்தில் மெஹ்ரான்கர் கோட்டை அடியிலுள்ள ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்காவுக்குச் சென்றோம். இதுவரை போகாதவர்கள் அவசியம் போக வேண்டும். 70 ஹெக்டேர் பாறை நிலம். நம் ஊரில் சீமைக்கருவேலம், வேலிக்காத்தான் என்றெல்லாம் சொல்லி நாம் சபிக்கும் அதே முள்மரம் ஒரு காலத்தில் அந்த இடம் முழுவதும் அடைத்திருந்தது. பாலைவனத்தைப் பசுமையாக்கும் நல்லெண்ணத்தோடு, 1930-களில் ஜோத்பூர் மன்னராட்சியில் விமானத்திலிருந்து அதன் விதையைத் தூவினார்கள். இராமநாதபுரத்தில் என்ன ஆயிற்றோ அதுவே இங்கும் ஆயிற்று. 2006-இல் பிரதீப் கிருஷ்ண் என்பாரின் வழிகாட்டலில் அதை அகற்றத் தொடங்கினார்கள். வெட்டினால் துளிர்க்கும், எரித்தாலும் துளிர்க்கும். கடைசியில் பாறை உடைப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட கண்ட்வாலியா மக்கள் வந்து, சுத்தியால் பாறையைத் தட்டி ஓசையைக் கேட்டே அதன் தன்மையை அறிந்து, உளியால் குடைந்து வேரை எடுத்தார்கள். அந்தக் குழிகளிலேயே இந்நிலத்துக்குரிய செடிகளை நட்டார்கள். 2011-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நாங்கள் சீமைக்கருவேலத்தை அடையாளம் கண்டு வழிகாட்டியிடம் பெயர் சொன்னபோது, "தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டதா?" என்று அவர் கேட்டார். எங்களைத்தான் ஒருகணம் உற்றுப் பார்த்தார். நாமும் வந்தவர்கள்தாமே!

ஆனால் வந்தவர் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர் என்பது எங்கள் எண்ணம். கறிவேப்பிலையும் வந்ததுதான், அது எவருடைய இடத்தையும் பிடித்துக்கொள்ளவில்லை. ஆகையால் இந்த உரையைக் கேட்டுவிட்டு எவரும் வீட்டு முருங்கையை வெட்டிவிடாதீர்கள். பிறகு சாம்பாருக்கு எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவீர்கள்.

இவ்வாண்டு தை முடியும் தறுவாயில் செடியின் நுனிகளில் பழுப்பு மொட்டுகள் தோன்றின. விதைத்து ஏழாம் ஆண்டு. மாசி இரண்டாம் வாரத்தில் ஒரு காலை, முதற்கொத்து விரிந்தது. கிச்சிலி நிறம், உள்ளே மஞ்சள் கீற்று. மறுநாளே ஊதாத் தேன்சிட்டு இணையாக வந்தது. கொண்டைக்குருவி பூவுக்குள் தலையை நுழைத்து மகரந்தப் பொடியோடு வெளியே வரும் கோலத்தைப் பார்க்கக் காலனிக் குழந்தைகள் பள்ளி வண்டியைத் தவறவிட்டார்கள். டிராக்மேன் பணி ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். தொலைபேசியில் செய்தி சொன்னோம். "என்ன நிறம்?" என்பது ஒன்றே அவர் கேட்டது.

மார்வாரியில் ஒரு வழக்குண்டு. பார்க்க அழகாயிருந்தும் குணமில்லாதவரை ரோஹிடாப் பூ என்பார்கள். இவ்வூர் அண்டை வீட்டார் ஒருவர் அதைச் சொல்லி எங்களைக் கேலி செய்தார். வள்ளுவரையும் மார்வாரிகளையும் ஒருசேர மறுத்துப் பேச எங்களுக்குத் தகுதி இல்லை. ஆயினும் மணத்தை வெளியே விடாத அந்தப் பூ, கோடையில் அண்டை வீட்டாரின் குடத்திலிருந்து ஒரு துளியும் எடுக்கவில்லை என்பதை அவரிடம் சொன்னோம்.

பூத்த மூன்றாம் நாள் மாலை கடைசி வீட்டு அம்மையார், மகளை அழைத்துக்கொண்டு வேலிக்கு அப்பால் வந்து நின்றார்கள். அவர்கள் மாமியார் சென்ற ஆண்டு காலமானது உங்களுக்குத் தெரியும். "இதற்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிறீர்கள், அக்கா?" என்று கேட்டார்கள். "ஊற்றுவதே இல்லை" என்றார் இல்லத்தரசியார். சற்று நேரம் இருவரும் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு உள்ளே வந்து காப்பி சாப்பிட்டுப் போனார்கள்.

எங்கள் செடியில் இவ்வாண்டு காய் பிடிக்கவில்லை. டிராக்மேன் தம் ஊரிலிருந்து பேரன் வழியாக ஒரு பை நிறையக் காய் அனுப்பியிருக்கிறார். அவற்றை உரித்து, பத்துப் பத்து விதைகளாகப் பொட்டலம் கட்டி அரங்க வாயிலில், காலணி விடும் இடத்துக்கு அருகே மேசைமேல் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சளா, கிச்சிலியா, சிவப்பா என்று கேட்காதீர்கள். அதை ஏழாண்டு கழித்துச் செடிதான் சொல்லும். அதற்குள் மாற்றல் வந்துவிடுமே என்போருக்கு, அடுத்துக் குடிவருபவர் பார்க்கட்டும் என்பதைத் தவிர எங்களிடம் விடையில்லை. எங்களுக்கும் எந்த நாளும் உத்தரவு வரலாம். பைகளில் துளையிட மறக்க வேண்டா. ஆட்டுக்காரரும் ஒரு பொட்டலம் எடுத்துக்கொள்ளலாம். கடைசி வீட்டு அம்மையார் காலையிலேயே வந்து இரண்டு பொட்டலம் எடுத்துச் சென்றுவிட்டார்கள்.